வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போவோம்

விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த குடும்பத்தில் முதல் படிப்பாளி நான். எனக்கு விமானி அறையைக் காட்டியது 2006-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ். அது 32-பிட் மென்பொருள். 4 ஜிபி நினைவகத்துக்கு மேல் எட்டாது. கூடுதல் விமானங்களை, ஊர்களை ஏற்ற ஏற்ற, நடுவானில் நின்னு போவதும் உண்டு. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். உருவாக்கிய ஏசஸ் குழுவே 2009-இல் கலைக்கப்பட்டது. துணை மென்பொருள் செய்த சிலரும் கடையைக் கட்டிவிட்டார்கள். மூலநிரலோ பூட்டிய பெட்டியில்! திருத்தத் தெரிந்தவனுக்கும் வழியில்லை.

1997-இல் வெளிவந்த ஃப்ளைட்கியர் அப்படியல்ல. மூலநிரல் திறந்தே இருப்பதால் ஒருவர் விட்டதை இன்னொருவர் தொடர்கிறார்.

நாளை நாம் எதைச் செய்தாலும், கைவிடும் நாளில் வரைபடத்தையும் கொடுத்துவிட்டுப் போவோம். புதுக் கணிப்பொறி வாங்க வசதியில்லாதவன் பின்னால் வந்துகொண்டேதான் இருப்பான்.