பழைய விமானத்தின் பூச்சை உரிப்பதற்கு முன்

பேகம்பேட் விமான நிலையம் 2008 மார்ச்சில் பயணிகள் போக்குவரத்தை ஷம்ஷாபாத்திடம் ஒப்படைத்தது. அதன்பின் ‘விங்ஸ் இந்தியா’ கண்காட்சி நடக்கும் நாள்களில்தான் அதன் ஓடுதளம் பொதுமக்களின் கவனத்துக்கு வருகிறது. அங்கே கூட்டம் கூடுவது புதிய விமானங்களைக் காண்பதற்காக. அந்த மண்ணின் பழைய வரலாறோ டகோட்டாக்களோடு பின்னிப் பிணைந்தது. நிஜாம் அரசும் டாட்டாவும் கூட்டாக 1945இல் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸ் அவ்விமானங்களைத்தான் இயக்கியது. 1953இல் நாட்டுடைமையாக்கத்தின்போது அது இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது. அந்தக் காலத்தின் சாட்சியாக ஒரு டகோட்டாவை மீட்டுப் பேகம்பேட்டில் நிறுத்தவேண்டும் என்று நாளை எவரேனும் விரும்பினால் அது வரவேற்கத்தக்கது. ஆனால் இத்தகைய விருப்பங்கள் செயலாகும்போது முதலில் எழுதப்படும் வரி பெரும்பாலும் ஒன்றே: ‘பழைய பெயிண்டை முழுமையாக அகற்றிப் புதிதாகப் பூசவும்.’ வேலையின் மிக ஆபத்தான, திரும்பப் பெறவே முடியாத கட்டம் இந்த ஒற்றை வரிக்குள் அடங்கியிருக்கிறது.

இந்தியாவில் இந்த விருப்பத்துக்கு அண்மைக்கால முன்மாதிரிகள் உண்டு. பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான டகோட்டா ஒன்று, கொல்கத்தா விமான நிலையத்தில் நெடுங்காலம் கிடந்தபின், 2023இல் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுச் சாலை வழியே புவனேசுவரம் சென்று காட்சிப்பொருளாயிற்று. இந்திய விமானப்படையின் பாரம்பரிய விமானப் பிரிவில் 2018இல் சேர்ந்த ‘பரசுராமா’ என்ற டகோட்டா, இங்கிலாந்தில் செப்பனிடப்பட்டுப் பறந்தே இந்தியா வந்தது. முதலாவது நிற்பதற்காக மீட்கப்பட்டது, இரண்டாவது பறப்பதற்காக. பூச்சு நீக்கத்தைப் பற்றிய எந்த விவாதமும் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்கவேண்டும்.

பறக்கும் விமானத்தில் பூச்சை நீக்குவதற்கு மறுக்கமுடியாத காரணம் இருக்கிறது. ரிவெட் வரிசைகளை ஒட்டி எழும் மயிரிழை விரிசலும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளில் மறைந்து வளரும் அரிப்பும் பூச்சின் அடியில் கண்ணுக்குப் படாமல் இருக்கலாம். அடுக்கடுக்காகப் பூசினால் எடை கூடும். அசையும் இறக்கைப் பகுதிகளின் சமநிலை கெடும். அங்கே பூச்சை நீக்குவது உயிர்காக்கும் ஆய்வின் ஒரு பகுதி.

அதைச் செய்யும் வழியில்தான் சிக்கல். நெடுங்காலமாக இத்துறையின் நம்பகமான கருவி மெத்திலீன் குளோரைடு. அது பெயிண்டை ஊறவைத்துக் கொப்புளமாக எழுப்பும்; அலுமினியத்தைப் பெரும்பாலும் தீண்டாது. ஆனால் அதே நீர்மம் மனித உடலுக்குள் சென்றால் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய இடத்தில் தாழத் தங்கும். அமெரிக்காவில் குளியல்தொட்டிகளின் பூச்சை உரிக்க அதைப் பயன்படுத்திய தொழிலாளருள் 2000க்கும் 2011க்கும் இடையே குறைந்தது 13 பேர் இறந்தனர். சாதாரணக் கரி முகமூடி அதற்கு எதிராக நெடுநேரம் தாங்காது. வெளியிலிருந்து காற்றைச் செலுத்தும் கவசம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அதன் பயன்பாட்டைக் கடுமையாக ஒடுக்கியது. 2024இல் அமெரிக்காவும் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. அத்தடையிலிருந்து கடும் நிபந்தனைகளோடு விலக்குப் பெற்ற சிலவற்றுள், விமானத்தின் பாதுகாப்புக்கு இன்றியமையாத உறுப்புகளில் பூச்சு நீக்குவதும் ஒன்று. உலோகத்துக்கு இதமானது மனிதருக்கு நஞ்சு என்ற முரணைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

இந்த விலக்கின் நியாயம் பயணியின் உயிர். இனி ஒருபோதும் பறக்கப்போகாத, பீடத்தில் நிற்கப்போகும் விமானத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. ஒரு காட்சிப்பொருள் பளபளக்கவேண்டும் என்பதற்காக ஒரு தொழிலாளியின் நுரையீரலைப் பணயம் வைப்பதற்கு எந்த வாதமும் இல்லை.

ரசாயனத்தைத் தவிர்த்து உப்புத்தாளால் தேய்த்தால் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணுவது இன்னும் பெரிய பிழை. அக்கால விமானங்களின் அடிப்பூச்சு பெரும்பாலும் துத்தநாகக் குரோமேட். அரிப்பைத் தடுப்பதில் வல்லது. காரணம் அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம். அதுவே ஐயத்துக்கிடமின்றிப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. தமிழகத்துக்கு அதன் முகம் புதிதன்று. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய கதை பல ஆய்வேடுகளுக்குப் பொருளாகியிருக்கிறது. விமானத்தின் மேல் இருப்பது மெல்லிய படலம்தான். ஆனால் உலர்ந்த நிலையில் தேய்த்தால் அது நேரே மூச்சுக்குள் போகும் தூசியாகிவிடும். முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது.

உலோகத்துக்கும் உப்புத்தாள் நல்லதன்று. டகோட்டாவின் உடல் தகடு கலப்பு அலுமினியம். அதன் இருபுறமும் அரிப்பைத் தாங்குவதற்கென்றே தூய அலுமினியம் மெல்லிய போர்வையாக உருட்டிப் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்துப் போர்வை தகட்டின் தடிமனில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். மின் சாணையைச் சில நொடிகள் ஓரிடத்தில் நிறுத்தினால் அது போய்விடும். இரும்புக் கம்பித்தூரிகையால் தேய்த்தால் எஃகுத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, புதிய பூச்சுக்கு அடியிலேயே அரிப்பைத் தொடங்கிவைக்கும். சக்கரத் தாங்கியின் வலுவேற்றிய எஃகில் அமிலம் கலந்த நீக்கி பட்டால், ஹைட்ரஜன் உட்புகுந்து எஃகு நொறுங்கும் தன்மையை அடையக்கூடும். அதே விமானத்தின் சுக்கானும் உயர்த்திகளும் துணி போர்த்தவை. அங்கே எதையும் உரிக்கக்கூடாது. தேவையெனில் துணியையே மாற்றவேண்டும். பழைய டோப் பூச்சு எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதையும் மறக்கலாகாது. ஒரே விமானத்துக்கு ஒரே முறை என்பதே இல்லை.

இவற்றைவிடக் குறைவாகப் பேசப்படுவது, பூச்சும் ஓர் ஆவணம் என்ற உண்மை. ஒரு டகோட்டாவின் மேலுள்ள அடுக்குகள், அது போர் விமானமாக இருந்து குடிமக்கள் விமானமாகி, கைமாறி, பழுதுபார்க்கப்பட்ட வரிசையைச் சொல்லும். 200க்கும் மேற்பட்ட போர்ப்பறப்புகளைக் கண்ட ‘ஃப்ளாக் பெய்ட்’ என்ற குண்டுவீச்சு விமானத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் புதிதாகப் பூசவில்லை. அதன் மூலப் பூச்சைக் காப்பதையே பணியாகக் கொண்டது. ‘மெம்ஃபிஸ் பெல்’ விமானத்தில் பூச்சை நீக்கியபோது, 1943இல் அது நாடு சுற்றிய காலத்தில் மக்கள் தகட்டில் கீறிய பெயர்கள் வெளிப்பட்டன. அங்கே சாணை ஓடியிருந்தால் அந்தப் பெயர்கள் யாருக்கும் தெரியாமலே தூசியாகியிருக்கும். கவனமாகச் செய்யும் நீக்கம் ஒரு வாசிப்பு. அவசரமாகச் செய்வது ஓலைச்சுவடியைப் படிக்காமல் எரிப்பதற்கு ஒப்பு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெயிலிலும் மழையிலும் நிற்கும் விமானத்துக்குப் பூச்சே காப்பு. உரிந்த பூச்சின் அடியில் ஈரம் தங்கினால் அரிப்பு புழுப்போல் ஊர்ந்து பரவும். ஆகவே பழையதை விட்டுவைப்பது விமானத்தைக் கொல்வதாகும் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. கொப்புளித்த இடத்தைத் திறந்துதான் ஆகவேண்டும். ஆனால் அது அந்த இடத்துக்கான மருத்துவம். முழு உடலையும் உரிப்பதற்கான அனுமதி அன்று. உறுதியாகப் பற்றியிருக்கும் பழைய பூச்சின்மேல், பின்னாளில் அகற்றக்கூடிய காப்புப் படலம் பூசலாம். எல்லாவற்றுக்கும் முன், ஒரு கூரை போடலாம். பூச்சு நீக்கத்தையும் மறுபூச்சையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்வதைவிடக் கூரை உலோகத்துக்கும் மனிதருக்கும் பாதுகாப்பானது.

எனவே ஒப்பந்தத்தின் அந்த ஒற்றை வரி மாறவேண்டும். முதலில் ஒவ்வொரு பகுதியையும் ஒளிப்படமெடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் அடுக்கடுக்காகத் திறந்து, நிறத்தையும் எழுத்தையும் பதிவு செய்யவேண்டும். ஈயமும் குரோமியமும் உள்ளனவா என்று ஆய்வகத்தில் சோதிக்கவேண்டும். நீக்கியே ஆகவேண்டிய இடத்தில் பென்சைல் ஆல்கஹாலை அடிப்படையாகக் கொண்ட நீக்கிகளைப் பயன்படுத்தலாம். மணிக்கணக்கில் ஊறவேண்டியிருப்பதே அவற்றின் குறை. அருங்காட்சியகத்துக்கு என்ன அவசரம்? அவற்றுக்கும் கையுறையும் காற்றோட்டமும் தேவை. தேய்க்கவேண்டிய இடத்தை ஈரத்தோடு தேய்க்கவேண்டும். சுரண்டிய கழிவும் கழுவிய நீரும் அபாயக் கழிவு விதிகளின்படி சேகரிக்கப்படவேண்டும். பேகம்பேட்டில் இது வெறும் சம்பிரதாயம் அன்று. அங்குள்ள கால்வாய் நீர் சென்று சேரும் ஹுசைன் சாகர் ஏற்கெனவே போதுமான நஞ்சை விழுங்கியிருக்கிறது.

குரோமியப் புண்ணையும் ஈய நஞ்சேற்றத்தையும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அறிவிக்கவேண்டிய நோய்களாகக் குறித்தது. ஆனால் ஒரு வளாகத்தின் மரத்தடியில் நான்கைந்து பேர் செய்யும் வேலை தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பவேண்டிய பொறுப்பு, பாரம்பரியத்தின் பெயரால் பணத்தை ஒதுக்கும் நிறுவனத்துடையது. வானூர்திப் பொறியியல் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் சேர்ந்து இதற்கொரு வழிகாட்டியை எழுதும் காலம் கடந்துகொண்டிருக்கிறது. அதுவரை, பறக்காத விமானத்தின்மேல் சாணையை வைப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை உரிக்கத்தான் வேண்டுமா?