பேண்டு அடிக்கிறவனுக்கு எவன் பொண்ணு தருவான்?



போன வாரம் பென்னாகரம் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். நம் உறவுப் பையன் ஒருவன் அங்கே பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதினான். பன்னிரண்டாவது முடித்தவன். இசையில் பட்டப்படிப்பு சேரப் போகிறேன் என்றான். பந்தியில் பெரியவர் ஒருவர், "பேண்டு அடிக்கிறவனுக்கு எவன்டா பொண்ணு தருவான்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வில்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெரியவரும் படிப்பார். படிக்கட்டும்.

மாமா, நீங்கள் பேசியது சம்பளத்தைப் பற்றி இல்லை, சாதியைப் பற்றி. அதே பையன் வீணை கற்கிறேன் என்றிருந்தால் "கலைமகள் அருள்" என்றிருப்பீர்கள். கல்யாணத்திலும் சாவிலும் தெருவில் நின்று ஊதுகிற கருவி என்பதால்தான் இளக்காரம். அந்தச் சத்தம் இல்லாமல் நம் வீட்டில் ஒரு நல்லது கெட்டது நடந்திருக்கிறதா?

கே.ஏ. குணசேகரனைத் தெரியுமா? இளையான்குடிக்காரர். வறுமையிலும் சாதிக் கொடுமையிலும் வளர்ந்த கதையை 'வடு' என்று எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியர். சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். வகுப்பில் பாடம் எடுத்த அதே மனிதர், 'தன்னானே' என்ற கலைக்குழுவை நடத்திப் பறையோடு மேடையில் நின்று பாடினார். கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' ஊர் ஊராகப் போனது அவர் குரலில்தான். 2016இல் மறைந்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நாட்டுப்புறப் பாடகி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018இல் பத்மஸ்ரீ. பறை கற்றுத்தரும் மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ. இவர்களையும் "பாட்டுக்காரங்க" என்று ஒதுக்குவீர்களா?

அந்தப் பையன் கையிலிருக்கும் ட்ரம்பெட்டின் கதையையும் கேளுங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற ஏழைக் கறுப்பினச் சிறுவன் ஊதக் கற்றது, நியூ ஆர்லியன்ஸ் நகரில் தப்பு செய்த பிள்ளைகளை அடைத்து வைக்கும் விடுதியில். அவர்களின் ஜாஸ் இசையையும் கீழ்த்தரம் என்றுதான் சொன்னார்கள். 1947இல் டெக்சாஸில் ஒரு கல்லூரி அதற்குப் பட்டப்படிப்பு தொடங்கியது. ஆனால் அன்றைக்கு அந்தக் கல்லூரியில் கறுப்பின மாணவன் சேர முடியாது! இசை உள்ளே போய்விட்டது, இசைத்தவன் வெளியே நின்றான். சில ஆண்டுகள் கழித்துத்தான் கதவு திறந்தது.

நம் கதை மட்டும் என்ன? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பாட்டு, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று பாடங்கள். நல்லதுதான். தருமபுரித் தெருக்கூத்தின் முகவீணையையும், திருவிழாவின் பம்பையையும், பேண்டின் ட்ரம்பெட்டையும் முழுநேரப் பாடமாக்கினால் என்ன குறைந்துவிடும்?

"சோறு போடுமா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆடியிலும் மார்கழியிலும் பேண்டுக்காரன் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்தான். அதனால்தான் பட்டம் வேண்டும் என்கிறேன். பட்டம் இருந்தால் நாளை அவன் கற்றுக்கொடுக்கும் வேலைக்காவது போக முடியும். கடன் வாங்கி இன்ஜினியரிங் சேர்த்த பிள்ளைகள் வேலையில்லாமல் நிற்கும்போது இந்தக் கேள்வியை நாம் கேட்கவில்லையே?

இத்தனையும் பேச எனக்கு என்ன தகுதி? சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில், நான்காம் வகுப்பில் ஒரு பையன் பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தான். அவன் அப்பா பறை அடிப்பவர். "சாவு மோளம் அடிக்கவா பள்ளிக்கூடம் வந்தே?" என்று கேட்டு, பிரம்பால் விரலில் அடித்தேன். வகுப்பே சிரித்தது, அன்றைக்குப் பந்தியில் சிரித்தது போலவே. இரண்டு வருடம் முன்பு பாலக்கோடு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். லாரி ஓட்டுகிறானாம். மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்தான். "நீங்க சொன்னதுக்கப்புறம் எங்கப்பாகூடப் போறதை விட்டுட்டேன் சார். அவரோட அந்த அடி யாருக்கும் வரல" என்றான். குறை சொல்லவில்லை, சும்மா சொன்னான். டீ தொண்டையில் இறங்கவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் பிள்ளையின் இயல்பறிந்து கற்பி என்று எழுதித் தேர்வில் மார்க்கும் வாங்கியவன் நான். அந்தப் பாடத்தைப் படித்தேனே தவிர, புரிந்துகொள்ளவில்லை.

தம்பி, இதைப் படித்தால் அந்த மன்னிப்பை இங்கேயே, எல்லோர் முன்னும் கேட்கிறேன். அடித்ததும் எல்லோர் முன்னும்தானே.

ட்ரம்பெட் ஊதும் பையனே, விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. முதல் வருடக் கட்டணம் என் ஓய்வூதியத்திலிருந்து. மாமா, நீங்களும் வாருங்கள். அவன் ஊதுவதை ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்