உறையில் அச்சிட்ட எண் சான்றாகுமா?

கைக்கு அடக்கமான லேசரின் ஒளி மங்கினால் பழி முதலில் லேசரின் மீதே விழுகிறது. கருவி மலிவானது, டையோடு தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பெழுதிப் புதியதொன்றுக்கு விண்ணப்பம் அனுப்பிவிடுகிறோம். உள்ளிருக்கும் மின்கலத்தை எவரும் விசாரிப்பதில்லை. அதன் உறையில்தான் பெரிய எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறதே!

18650 என்னும் மின்கலத்தையே எடுத்துக்கொள்வோம். அப்பெயர் நேர்மையானது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், இறுதிச் சுழியம் உருளை வடிவத்தைக் குறிப்பது. அளவுகோல் வைத்து எவரும் சரிபார்க்கலாம். அதே உறையிலுள்ள மற்றோர் எண்ணோ கண்ணுக்குப் புலப்படாத கொள்ளளவைப் பற்றியது. இவ்வளவில் கிடைக்கும் தரமான லித்தியம்-அயனி மின்கலங்களே பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணியைச் சுற்றித்தான் நிற்கின்றன. மலிவுக் கலங்களின் மீதோ 9900 என்றுகூட அச்சிடுகிறார்கள். 600 மில்லி ஆம்பியர் இழுக்கும் லேசர் அக்கணக்கில் பதினாறரை மணி நேரம் ஒளிர வேண்டும். கலத்தின் மெய்யான கொள்ளளவு 1200 என்றால் இரண்டே மணி நேரத்தில் அணைந்துவிடும்.

கொள்ளளவோடு சிக்கல் முடிவதில்லை. அகத்தடை அரை ஓம் உள்ள கலத்திலிருந்து 1 ஆம்பியர் இழுத்தால் அரை வோல்ட் கலத்துக்குள்ளேயே வீணாகும். சும்மா இருக்கையில் 4.2 வோல்ட் காட்டும் கலம், சுமை ஏறியதும் தளர்வது இதனால்தான். பச்சை லேசர்களில் இக்குறை பளிச்செனத் தெரியும். அவற்றுள் பலவற்றில் 808 நானோமீட்டர் டையோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை எழுப்ப, அது இன்னொரு படிகத்தில் 532 நானோமீட்டர் பச்சையாக மாறுகிறது. ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு; ஆகவே மின்னோட்டம் சற்றே குறைந்தாலும் ஒளி வெகுவாக மங்கும். குளிரூட்டிய அறையின் தண்மையும் அதே விளைவைத் தரக்கூடும் என்பதால் அதையும் விலக்கிப் பார்க்க வேண்டும்.

விசாரணைக்குரிய முறை எளியது. கலத்தை முழுமையாக மின்னேற்றி, சற்று ஆறவிட்டு, மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். மூடியின் மரைகளையும் சுருள்வில்லையும் துடைக்க வேண்டும். பல கருவிகளில் உலோக உடலே மின்சுற்றின் ஒரு பகுதி. பின்னர், சுமையோடு மீண்டும் அளந்து, நம்பகமான வேறொரு கலத்தை இட்டு ஒப்பிட வேண்டும். ஒளி மீண்டால் குற்றவாளி யாரென்று விளங்கிவிடும். வீங்கிய கலத்தை மட்டும் மறுபடி மின்னேற்றலாகாது.

முத்திரை இருக்கிறதே என்பார் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு அடிப்படையான ஐ.எஸ். 16046 பாதுகாப்புக்கான தரநிலை. அது தேவையானதே, ஆனால் உறையில் எழுதிய கொள்ளளவுக்கு அது பிணை நிற்பதில்லை.

ஹைதராபாத் கோட்டியின் குஜராத்தி கல்லியில் மின்னணுப் பொருள் வாங்கினாலும், துறையின் வழியே விலைப்புள்ளி கோரி வாங்கினாலும், குறைந்த விலையும் பெரிய எண்ணும் சேர்ந்து வரும்போது ஆய்வாளருக்கு ஐயம் எழ வேண்டும். ஆய்வேட்டில் ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று கேட்கும் ஒரு சமூகம், மின்கலத்தின் உறையில் அச்சாகிவிட்டது என்பதற்காகவே ஓர் எண்ணை நம்புவது முரண் அன்றோ? எண்ணும் ஒரு கூற்றுதான். அதைச் சொன்னவருக்கு விற்பனை நோக்கம் உண்டு.

துறைகள் செய்யக்கூடியது பெரிதன்று. மின்கலத் தொகுதி வந்தவுடன் ஒன்றிரண்டு கலங்களை எடுத்து, கொள்ளளவை அளக்கும் மின்னேற்றியில் இட்டுப் பார்த்து, அளந்த எண்ணை உறையின் மீதே எழுதிவைக்கலாம். அச்சிட்டதற்கும் அளந்ததற்கும் உள்ள இடைவெளி அடுத்த கொள்முதலுக்கான முதல் ஆவணமாகும். அதன் பின்னும் ஒளி மங்கினால், அப்போது லேசரைக் குற்றம் சொல்லலாம்.