குழி வெட்டினால் போதுமா?

மலசலகூடம் கேட்டு நாம் போராடிய காலம் ஒன்று இருந்தது. பொதுக் கக்கூஸுக்குப் பதிலாக வீட்டுக்கொன்று கிடைத்த தோட்டங்களில், அதை வெற்றியாகவே கருதினோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்கத் தவறிவிட்டோம். அந்தக் கழிவு எங்கே போகிறது?

லயத்துக்குப் பின்னால் வெட்டிய குழிக்குள் போகிறது. குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் கானில் ஓடுகிறது. நாம் வாழ்வது மலைச்சரிவில். மேல் லயத்துக் குழி, கீழ் லயத்துப் பீலிக்கு மேலே இருக்கிறது. அடைமழையில் குழி நிரம்பிக் கசிந்தால், அது ஊற்றிலும் ஓடையிலும்தான் சேரும். வயிற்றோட்டம், செங்கண்மாரி, நெருப்புக் காய்ச்சல் எல்லாம் இவ்வழியாகப் பரவக்கூடிய நோய்கள். பிள்ளை படுத்தால் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. நட்டம் நமக்கு மட்டுமல்ல. மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகிக் கொழும்புக்குக் குடிநீர் தருகிறது.

இதற்கு வழி உண்டு. இருபது குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு அமைப்பைக் கட்டலாம். முதலில், இரண்டு அறையுள்ள மூடிய தொட்டியில் கசடு அடியில் தங்கும். அடுத்த தொட்டியில் தண்ணீர் கற்களுக்கிடையே கீழிருந்து மேலேறும். கற்களில் வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். கடைசியாக, நாணலோ கல்வாழையோ நட்ட சரளைப் படுக்கை ஊடாக மெதுவாக வடியும். மேலிருந்து கீழே தண்ணீர் தானாக ஓடுவதால் மோட்டாரும் மின்சாரமும் வேண்டியதில்லை. நமக்குச் சுமையான சரிவே இங்கு துணையாகிறது. வெளிவரும் தண்ணீர் குடிப்பதற்கல்ல. ஆனால் குழியிலிருந்து கசிவதைவிடப் பல மடங்கு சுத்தமானது.

இடம் எங்கே என்று கேட்பார்கள். சரளைப் படுக்கைக்கு ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீற்றர் போதும். நூறு பேருக்குக் கணக்கிட்டால், ஒரு வீட்டுக்கென்று பேசப்பட்ட ஏழு பேர்ச்சஸ் காணியை ஒட்டியே வருகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் தேயிலைக்கு நடுவே இந்த இடம் கிடைக்காதா?

தோட்டம் பிரதேச சபைக்கு உட்படாது என்று முன்பு கைவிரித்தார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவைக் காட்டினார்கள். 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சபைகள் சேவை செய்ய வழி திறந்தது. இனி அந்தச் சாக்குக்கு இடமில்லை. கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. லயமும் நிலமும் அதன் கையில்தான் இருக்கின்றன.

கட்டி முடித்துப் படம் எடுத்துவிட்டுப் போவதை மட்டும் நாம் ஏற்கமாட்டோம். சில வருடங்களுக்கு ஒருமுறை கசடு அள்ள வேண்டும். பவுசர் வரக்கூடிய பாதையோரமாகத் தொட்டி அமைய வேண்டும். பாதை இல்லை என்று நம்மில் ஒருவரை வாளியோடு உள்ளே இறக்கினால், நச்சு வாயு உயிரை எடுத்துவிடும். எந்தத் தொழிலாளியும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. பராமரிப்பவருக்குப் பயிற்சியும் கையுறையும் பூட்ஸும் முழுப் பேரும் வேண்டும். அந்த வேலையை வழிவழியாக ஒரு சில குடும்பங்களின் தலையில் கட்டும் பழக்கமும் ஒழிய வேண்டும்.

ஆகவே, புதிய வீடமைப்புத் திட்டம் வரும்போது கூரையையும் சுவரையும் மட்டும் பார்க்காதீர்கள். கழிவுநீருக்கான வரைபடத்தைக் கேளுங்கள். தலைவர்மாரும் மாதர் சங்கத்தினரும் தத்தமது டிவிஷனில் நடந்து பார்த்து, எந்தக் குழி எந்தப் பீலிக்கு மேலே இருக்கிறது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் கொடுத்து, பிரதி ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பேச்சுவார்த்தை மேசைக்கு அதை நாம் கொண்டுபோவோம்.

சம்பளம் கேட்பது போலவே சுத்தமான தண்ணீரும் கேட்போம். இரண்டும் நமது உரிமை.