ஒலிபரப்புக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதி

திருகோணமலைத் துறைமுகத்தின்மீது கண்வைக்காத வல்லரசு அரிது. 1987 ஜூலை 29ஆம் திகதி ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் கொழும்பில் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இத்துறைமுகமும் இடம்பெற்றது. அதன் எண்ணெய்க் குதங்களும் இடம்பெற்றன. பலரும் மறந்துவிட்ட வேறொரு நிபந்தனையும் அங்கே உண்டு. அந்நிய ஒலிபரப்பு நிறுவனங்கள் இலங்கையில் நிறுவும் நிலையங்கள் ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்படவேண்டும். இராணுவ வேலைக்கோ உளவு வேலைக்கோ பயன்படலாகாது என்பதே அது. ஜெர்மனியின் டொயிச்ச வெல்ல வானொலி நிலையம் அந்நாளில் இதே திருகோணமலையில்தான் இருந்தது.

பேச வந்த கருவி ஒட்டுக்கேட்கக் கூடாது! இரண்டு அரசுகள் தம் பாதுகாப்புக்காக எழுதிக்கொண்ட உறுதி இது. உட்துறைமுக வீதியில் தவணை முறையில் இணையத் தொலைக்காட்சி வாங்கும் தொழிலாளிக்கு இவ்வுறுதியை யார் பெற்றுத் தருவது? அவனுக்குக் கிடைப்பது நீண்டதோர் ஒப்பந்தமும் ‘சம்மதம்’ என்ற பொத்தானுமே. பிள்ளைகள் படம் பார்க்கக் காத்திருக்கிறார்கள், அவன் அமுக்குகிறான். இதற்குப் பெயர் சுயவிருப்பமாம்!

இக்கருவியின் உள்வேலை எளியது. திரையில் ஓடும் காட்சியிலிருந்து துணுக்குகளை எடுத்து, கைரேகை போன்ற அடையாளமொன்றை உண்டாக்கிக் கம்பனியின் கணினிக்கு அனுப்புகிறது. அங்கே அது பெரும் பட்டியலோடு ஒப்பிடப்படுகிறது; இன்ன வீடு இன்ன நேரத்தில் இன்னதைப் பார்த்தது என்பது தெரிந்துவிடுகிறது. சாம்சுங், எல்ஜி பெட்டிகளைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வொன்று, வேறொரு கருவியைக் கம்பியால் இணைத்துப் பெட்டியை வெறுந்திரையாகப் பயன்படுத்தும்போதும் இவ்வேலை நடப்பதைக் காட்டியது. குரலும் தப்பவில்லை. பெட்டியின் அருகே பேசும் அந்தரங்கச் சொற்களும் மூன்றாம் தரப்புக்குப் போகக்கூடும் என்று சாம்சுங்கின் விதிமுறையே எச்சரித்தது, 2015இல் பெருஞ் சர்ச்சையாயிற்று.

அமெரிக்காவில் விசியோ கம்பனி 1 கோடியே 10 இலட்சம் பெட்டிகளிலிருந்து, பார்ப்போர் அறியாமலே, விநாடிக்கு விநாடி விவரம் திரட்டி விற்றது. 2017இல் அவ்வழக்கை முடிக்க 22 இலட்சம் டொலர் செலுத்தியது. கணக்குப் பாருங்கள்: ஒரு வீட்டின் அந்தரங்கத்துக்கு 20 சதம்! 2021ஆம் ஆண்டின் மூன்றாங் காலாண்டில், அதே கம்பனி பெட்டி விற்றுக் கண்ட மொத்த இலாபத்தைப்போல் இரு மடங்குக்கு மேலாக விளம்பரம், தரவு முதலிய வழிகளில் ஈட்டியது. பெட்டி மலிவாக வருவதன் இரகசியம் இதில் பாதி இருக்கிறது.

“ஒளிக்க நம்மிடம் என்ன உண்டு?” என்று கேட்போர் உளர். வேறெங்கும் கேட்கட்டும், திருகோணமலையில் கேட்க வேண்டாம். போர்க்காலத்தில், எந்த வானொலியைக் கேட்கிறோம் என்பதைக் கூடக் குரல் தாழ்த்திச் சொன்ன ஊர் இது. சோதனைச் சாவடியில் கேள்வி கேட்டவனின் முகமாவது தெரிந்தது.

இனி, இப்பெட்டியின் ஆயுள். ரூபவாஹினி 1982இல் தொடங்கிய காலத்துப் பெட்டி பழுதானால், கடைத்தெருவில் அதைத் திறந்து ஒரு பாகத்தை மாற்றிப் பல்லாண்டு ஓட்டினார்கள். இன்றைய பெட்டி பழுதாகாமலே சாகிறது. 2019 டிசம்பரில் 2010, 2011ஆம் ஆண்டுச் சாம்சுங் பெட்டிகள் சிலவற்றில் நெட்பிளிக்ஸ் நின்றது. திரையில் ஒரு கீறலும் இல்லை! மென்பொருளைப் புதுப்பிப்பதைக் கம்பனி நிறுத்திவிட்டால், பெட்டி இணையத்தில் காவலற்ற கதவாகவும் கிடக்கும். நாம் பார்த்ததையெல்லாம் நினைவில் வைத்திருப்பவன், நமக்கு விற்ற பொருளை மட்டும் மறந்துவிடுகிறான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. பிரித்தானியாவிலோ, பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை காலம் கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் வெளியிட வேண்டுமென்ற சட்டம் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

பெட்டியின் அமைப்புகளுக்குள் புகுந்து இந்த உளவை நிறுத்தலாம் என்று ஆலோசனை சொல்கிறார்கள். நிறுத்துங்கள், இன்றே நிறுத்துங்கள். ஆனால் திருடன் திறந்துவைத்த கதவைத் தேடிச் சாத்துவது வீட்டுக்காரனின் கடமையா? அது மூடப்பட்ட நிலையிலேயே பெட்டி விற்பனைக்கு வரவேண்டும். எந்த ஆண்டுவரை புதுப்பிப்புக் கிடைக்கும் என்பது, பால்மாப் பக்கற்றின் முடிவுத் திகதிபோல, பெட்டியின் மேலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதி அனுமதி வழங்கும்போதே அரசு இந்நிபந்தனைகளை விதிக்கட்டும்.