நல்லவள் என்ற பெயரும் நோயும்

யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு அதிக தூரமில்லை. ஆனால் அங்கு போய்க் குளிசை எடுத்தும் மனச்சோர்வு விடாத ஒருவரிடம் "மனசு வைத்தால் மாறலாம்" என்று சொல்வது பெரும் அநியாயம். மாறினால் தான் யாராகிவிடுவேன் என்ற அச்சமும் அவரைப் பிடித்து வைத்திருக்கலாம். தம்பி தங்கையரைக் கரைசேர்த்த மூத்த பெண்ணுக்கு ஓய்வு கேட்பதே சுயநலமாகத் தெரியும். "எனக்கு ஏலாது" என்ற சொல் வாயில் வராது. உளவியலாளர் ஜோர்ஜ் கெலி 1955இல் வகுத்த கோட்பாட்டைப் பின்பற்றி பார்சிலோனாவில் கியெம் ஃபெய்ஷாஸ் குழுவினர் ஆராய்ந்தபோது, மாற விரும்பியும் மாறினால் தன்னையே இழப்பேனோ என்று அஞ்சும் இத்தகைய உள்முரண் மனச்சோர்வுற்றோரிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்பட்டது.

இந்த முரணை மையமாக்கிய சிகிச்சை, வழமையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை விஞ்சவில்லை என்று அதே குழுவின் பரிசோதனை காட்டியது உண்மை. இரண்டிலும் நோயாளர் தேறினார்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். "தனிமனித 'நான்' மேற்கத்தையச் சரக்கு, எங்களுக்குக் குடும்பமே எல்லாம்" என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அதற்கு வலுச்சேர்ப்பதுபோல, இலங்கைப் போர் தனிமனங்களோடு சமூகத்தையும் சிதைத்தது என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவந்திருக்கிறார். சரி, குடும்பமே எல்லாம் என்றால் அந்தப் பெண்ணின் முரணிலும் குடும்பத்துக்குப் பங்குண்டு. "எல்லாம் அவள் பார்ப்பாள்" என்றிருக்கும் வீட்டாரோடும் உளவளத்துணையாளர் இருந்து கதைக்க வேண்டும்.