மண்வெட்டிக்கு ஏது கல்வெட்டு?



கடலூரில் இரயிலேறிச் சிதம்பரம் செல்வோர் சன்னலோரம் அமரட்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என ஊர்கள் ஓடும். வெள்ளாறு காலடியில் விரியும். வழிநெடுக வாய்க்கால்கள்! இந்த இருப்புப் பாதையையும் வாய்க்கால்களையும் "பாரம்பரியம்" என்று போற்றவேண்டுமாம். போற்றட்டும், நானும் கைதட்டுகிறேன். ஆனால், எவருடைய பாரம்பரியம் என்று கேட்டதும் இரண்டு கூட்டம் எதிரெதிரே நின்று மார்தட்டுகிறது.

"வெள்ளையன் தந்தான்" என்று ஒரு கூட்டம், 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டிய ஆர்தர் காட்டனைக் காட்டுகிறது. "அவனுக்கு முன்பே சோழன் தந்தான்" என்று மறுகூட்டம், பராந்தகன் மைந்தன் இராசாதித்தன் அமைத்த வீராணத்தைக் காட்டுகிறது. இரண்டும் மெய்யே. ஆற்று மணலில் அடித்தளம் இடும் வித்தையை நம் முன்னோரிடம் கற்றதாகக் காட்டனே ஒப்புக்கொண்டார். இன்றும் கீழணையின் நீர்தான் வடவாற்றின் வழியே வீராணத்துக்கு வருகிறது; சோழன் ஏரிக்குக் காட்டனின் அணை பாலூட்டுகிறது! வாதியும் பிரதிவாதியும் ஒரே வாய்க்காலில் நீர் குடிப்பவர்கள்.

இந்த வழக்கில் பெயரே வராத மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு. மண் சுமந்தவன்!

கடலூர் வழியே இருப்புப் பாதை வந்தது 1870களின் பிற்பாதியில். தாது வருடப் பஞ்சம் தமிழகத்தைத் தின்றது 1876 முதல் 1878 வரை. கூலி மலிந்த காலம் என்று விளக்கவும் வேண்டுமோ? அதற்கு முன்னரே பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் ஆலை வைத்து, சேலத்து இரும்புக்கல்லை உருக்கி, இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். அந்த உலைக்களத்தில் வெந்தவர் எவரெவரோ? ஹீத்தின் பெயர் நூலில் இருக்கிறது.

பிறரை மட்டும் குறைசொல்லேன். கல்லூரியைப் பாதியில் விட்டு மேடையேறிய நான், இராசாதித்தனை நாடகமாக்கினேன். யானைமீது வீழ்ந்த வீரனுக்கு மூன்று பக்க வசனம்! அவன் படைவீரரே அந்த ஏரியைத் தோண்டினர் என்பது வழிவழிச் செய்தி. அவர்கள் கையில் வாளைக் கொடுத்தேனே தவிர, மண்வெட்டி கொடுக்கத் தோன்றவில்லை எனக்கு.

வீராணம் 40,000 ஏக்கருக்கும் மேல் பாய்கிறது. 2004 முதல் சென்னையின் தாகமும் தீர்க்கிறது. ஆயினும், வண்டல் படிந்து படிந்து ஏரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. தலைநகரம் குடிக்கட்டும், மறுப்பில்லை. கடைமடை உழவன் மட்டும் வானத்தைப் பார்த்திருக்கவேண்டுமா? தூர்வாரப்படாத வாய்க்காலுக்குப் பாரம்பரியப் பலகை நடுவது, பட்டினி கிடக்கும் பாட்டனுக்குப் பொன்னாடை போர்த்துவதாகும்.

இரயில் பாதையும் அப்படியே. 2010இல் அகலப் பாதையாயிற்று, மகிழ்ச்சி. ஆனால் தண்டவாளம் தாங்கும் மண்மேடு, கடலை நோக்கி ஓடும் வெள்ளத்துக்கு ஒரு கரை என்பதை மறந்துவிடலாகாது. கண்பாலம் தூர்ந்தால் மேற்கே நீர் நிற்கும். நின்றால் நெல் அழுகும். 2015 மழையில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள்தாமே நாம்?

ஐப்பசி பிறப்பதற்குள், கடலூர் முதல் கொள்ளிடக் கரைவரை உள்ள தோழர்கள் தத்தம் ஊர்க் கண்பாலங்களையும் மதகுகளையும் நடந்துபோய்ப் பாருங்கள். அடைபட்டவை எத்தனை என்று எண்ணி எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். சிதம்பரம் பொதுக்கூட்டத்தில் அந்தப் பட்டியலை நான் முழுவதும் படிக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் சரி.